டியூப் டெஸ்ட்டுக்குப் போகும் முன்

"அடுத்து டியூப் டெஸ்ட் ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாம்." கல்யாணமாகி ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகியும் விசேஷம் ஒன்றும் இல்லையே என்று மருத்துவரைப் பார்க்கப் போகும் தம்பதியிடம், இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்த பிறகு பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். கையில் ஒரு தாளையும் கொடுப்பார்கள். அதில் எச்.எஸ்.ஜி. என்று எழுதியிருக்கும். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனை அது. வீட்டுக்கு வந்து விசாரித்தால் யாராவது ஒருவர், "ஐயோ, உயிர் போகிற வலியாச்சே" என்பார். இன்னொருவர், "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் எப்படித் தயாராகிப் போவது என்பதை இருவருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

மலேசியாவின் பினாங்கில் என் தங்கைக்கும், அப்புறம் தெரிந்த சில பெண்களுக்கும் இந்தச் சோதனைக்குத் துணையாகப் போயிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் கூடவே இருந்து பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். தேதியைச் சரியாகக் கணக்கிட்டு, மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்குச் சோதனை பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடிந்துவிடுகிறது. அலைச்சலும் அழுகையும் வருவது இந்த இரண்டில் ஒன்று தவறும்போதுதான். அதனால் இங்கே இந்த இரண்டையும்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

எதைப் பார்க்கிறார்கள்?

கருப்பையின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகக் கருக்குழாய் இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டையைக் குழாயின் நுனி வாங்கிக்கொள்ளும். விந்தணு முட்டையைச் சந்திப்பதும் குழாய்க்குள்தான். அங்கே உருவான கரு சில நாள் நகர்ந்து வந்து கருப்பையில் தங்கும். கருப்பையோடு சேரும் இடத்தில் இந்தக் குழாயின் உள்துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு நுண்ணிய வழி அடைபட்டிருந்தாலும் பல பெண்களுக்கு வெளியில் எதுவும் தெரியாது. மாதவிடாய் ஒழுங்காக வரும், வலி இருக்காது, உடம்பும் நன்றாகத்தான் இருக்கும். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கருப்பையும் சினைப்பையும் தெரியுமே தவிர, குழாய் திறந்திருக்கிறதா என்று தெரியாது. அதனால்தான் இதற்கென்று தனிச் சோதனை.

செய்முறை எளிது. கருப்பை வாய் வழியாக மெல்லிய டியூப் ஒன்றைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய அயோடின் கலந்த திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவார்கள். காண்ட்ராஸ்ட் என்றும் டை என்றும் சொல்வது இந்தத் திரவத்தைத்தான். அது முதலில் கருப்பையை நிரப்பும். அப்புறம் இரண்டு குழாய்களிலும் ஓடி, நுனி வழியாக வயிற்றறைக்குள் சிந்தும். சிந்தினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். கருப்பையின் உட்புற வடிவம், உள்ளே பாலிப் என்ற சதை வளர்ச்சியோ ஃபைப்ராய்டு என்ற தசைக் கட்டியோ துருத்திக்கொண்டிருக்கிறதா, சுவர்கள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பதும் இதே படத்தில் தெரியும்.

இது புதுச் சோதனை அல்ல. 1914-லேயே அமெரிக்காவில் வில்லியம் கேரி, இசிடோர் ரூபின் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக இதைச் செய்து எழுதிவிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய வெள்ளிக் கரைசல் உடம்புக்குள் எரிச்சலை உண்டாக்கியது. பிறகு எண்ணெயில் கரைந்த அயோடின் வந்தது. லிப்பியோடால் என்ற அந்த மருந்தை 1901-இல் பிரான்சில் உருவாக்கினார்கள். அது கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்துச் செய்வது. நாம் குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிற அதே கசகசாதான். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் பல மருத்துவமனைகளில் நீரில் கரையும் காண்ட்ராஸ்ட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எண்ணெய் வகையைப் பற்றி ஒரு செய்தி. நெதர்லாந்தில் 1,119 பெண்களை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணெய்க் காண்ட்ராஸ்ட் செலுத்தப்பட்டவர்களில் 39.7 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தார்கள். நீர்க் காண்ட்ராஸ்ட் செலுத்தப்பட்டவர்களில் அது 29.1 விழுக்காடு. "டெஸ்ட் எடுத்த மறுமாதமே கரு நின்றுவிட்டது" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எண்ணெய் வகையில் உள்ள அயோடின் உடம்பில் நீண்ட நாள் தங்கும் என்பதால் தைராய்டு உள்ளவர்களுக்கு அது சரிப்படாமல் போகலாம். எந்த வகை உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

முதலில் கணவருக்கு

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். குழாயைப் பார்க்க மனைவியைப் படுக்க வைப்பதற்கு முன் கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருந்து, ஒரு கிண்ணத்தில் மாதிரி கொடுத்தால் போதும். வலி இல்லை, எக்ஸ்ரே இல்லை. குழந்தை தாமதமாவதில் ஆண் பக்கக் காரணம் சேர்ந்திருப்பது சர்வசாதாரணம். அந்த முடிவைப் பொறுத்து மருத்துவர் நேராக ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய்க் கருத்தரிப்புப் பக்கம் போகலாம் என்றுகூடச் சொல்லக்கூடும். அப்படியானால் குழாய்ச் சோதனையின் அவசியமே மாறிவிடும். "எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ போய்ப் பார்" என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்தப் பேச்சை மருத்துவரின் முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது சோதனை தொடங்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் முயன்ற பிறகும், 35-ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலும் மருத்துவரைப் பார்க்கலாம். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

தேதிக் கணக்கு

அந்த மாத இரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன்பு. சோதனைக்கு ஏற்ற காலம் இதுதான். 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 7-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாள் வரை என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை ஒரு நாள் முன்பின் மாறும்.

ஏன் இவ்வளவு குறுகிய காலம்? இரத்தப்போக்கு இருக்கும்போது எடுத்தால் உள்ளே தங்கிய இரத்தக் கட்டி படத்தில் பாலிப் மாதிரி தெரிந்து குழப்பும். முட்டை வெளிவந்த பிறகு எடுத்தால், அந்த மாதமே கரு உருவாகியிருக்கக்கூடும். அதன்மேல் எக்ஸ்ரேயும் திரவமும் போகக் கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. சுழற்சியின் முற்பாதியில் கருப்பையின் உட்சுவர் மெல்லியதாக இருப்பதால் படம் தெளிவாக விழும். பிற்பாதியில் சுவர் தடித்துவிடும். குழாயின் வாய் மூடியிருப்பது போலவும் காட்டிவிடும்.

நம் வீடுகளில் கணக்கு தவறும் இடம் ஒன்று உண்டு. முதல் நாள் எது என்பதில்தான் அந்தக் குழப்பம். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிற பழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. மருத்துவமனைக் கணக்கு அப்படியில்லை. இரத்தப்போக்கு நன்றாக வரத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். வெறும் சொட்டுப் படுவதைச் சேர்க்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை இரவு லேசாகக் கறை பட்டு, புதன்கிழமை காலை நன்றாக வரத் தொடங்கியது என்றால் புதன்தான் முதல் நாள். அடுத்த செவ்வாய் 7-ஆம் நாள், அந்த வெள்ளி 10-ஆம் நாள். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணியிருந்தால் எல்லாமே இரண்டிலிருந்து நான்கு நாள் வரை தள்ளிப்போய், மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முகப்பில், "ஹாரி பெர்தாமா ஹைட் பிலா?" என்று மலாயில் கேட்பார்கள், மாதவிடாயின் முதல் நாள் எப்போது என்று அர்த்தம். அந்த ஒரு தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து வைத்திருங்கள்.

பெரும்பாலான இடங்களில் அப்பாயிண்ட்மெண்ட்டை முன்கூட்டியே உறுதியாகத் தர முடியாது. மாதவிடாய் வந்த முதல் நாளே போன் பண்ணுங்கள் என்பார்கள். அதைச் சொன்னபடி செய்ய வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ரே பிரிவில் இந்தச் சோதனையை வாரத்தில் சில நாட்கள் மட்டும் செய்கிற மருத்துவமனைகள் உண்டு, இடமும் குறைவு. சனி, ஞாயிறில் வந்துவிட்டால் திங்கள் காலை அலுவலகம் திறந்ததும் கூப்பிடுங்கள். பக்கத்துக் கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கமிருந்து பினாங்குப் பாலம் தாண்டி வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பினாங்கில் சனியும் ஞாயிறும். உங்களுக்கு லீவு கிடைக்கும் நாளும் எக்ஸ்ரே பிரிவு திறந்திருக்கும் நாளும் ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசம், சீனப் பெருநாள் வரும் மாதங்களில் விடுமுறைகள் அடுத்தடுத்து வந்து அந்த நான்கு நாளையும் விழுங்கிவிடும். அப்படியானால் அடுத்த மாதம் எடுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போவதால் எதுவும் கெட்டுப்போகாது.

சுழற்சி 24, 25 நாளாகச் சுருங்கி இருப்பவர்களுக்கு முட்டையும் சீக்கிரமே வெளிவரும் என்பதால், நாளைச் சற்று முன்னுக்கு எடுக்க வேண்டியிருக்கும். பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருந்து மாதக்கணக்கில் வராமலே இருப்பவர்களுக்கு, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மாத்திரை கொடுத்து வரவழைத்து அதிலிருந்து எண்ணுவார்கள்.

முதல் நாளிலிருந்து சோதனை முடியும்வரை உறவைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஆணுறை போதும் என்று சில இடங்களில் விடுவதுண்டு. பல இடங்களில் அதுவும் வேண்டாம் என்பார்கள். சோதனை அன்று சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். "அதுதான் மாதவிடாய் வந்துவிட்டதே, எதற்கு?" என்று கோபப்பட வேண்டாம். ஆரம்பக் கர்ப்பத்தில் வரும் லேசான இரத்தக் கசிவை மாதவிடாய் என்று எண்ணிக்கொள்வது நடக்கிற விஷயம்தான். இந்த முறை வழக்கத்தைவிட மிகக் குறைவாக வந்தது என்று தோன்றினால் நீங்களாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் சோதனையைத் தள்ளிப்போடுவார்கள். கிருமி இருக்கும்போது திரவத்தைச் செலுத்தினால் அதையும் குழாய்க்குள் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. முன்பு இடுப்பறைத் தொற்று வந்தவர்களுக்கு அது மீண்டும் கிளம்பாமலிருக்க ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள்.

சின்ன வயதில் காசநோய் வந்து மருந்து சாப்பிட்டது, அப்பெண்டிக்ஸ் வெடித்து அறுவை சிகிச்சை நடந்தது, குழாயிலேயே கரு தங்கி அகற்றியது, இவையெல்லாம் குழாயைப் பாதிக்கக்கூடியவை. எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயம். முன்பு ஒரு கரு கலைந்தது, அல்லது கலைத்தது, அதற்காகக் கருப்பையைச் சுத்தம் செய்தது, இதைப் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மனதிலேயே வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அறையில் மாமியாரோ கணவரோ இருந்தால் வாய் திறக்க முடியாது. ஆனால் கருப்பைச் சுவர் ஒட்டிக்கொள்வதற்கு அந்தச் சுத்தம் செய்ததே காரணமாக இருக்கலாம். மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும். "டாக்டர், உங்களிடம் தனியாக ஒரு நிமிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் சொன்னதை இரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை.

அதே போல இன்னொன்று. உறவின்போது தாங்க முடியாத வலி, உடம்பே இறுகிவிடுகிறது, முழுமையாக உறவு நடந்ததே இல்லை என்ற நிலையில் உள்ள தம்பதிகளும் குழந்தை இல்லை என்று வருவதுண்டு. இது அறவே வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. இதைச் சொல்லாமல் நேராகச் சோதனைக்குப் போனால் கருவியை உள்ளே வைப்பதே பெரும் வேதனையாகிவிடும். சொல்லிவிட்டால் முதலில் அதற்கான சிகிச்சையைத் தொடங்குவார்கள், இந்தச் சோதனை தேவையா என்பதே மறுபரிசீலனைக்கு வரும்.

மருந்துகளும் ஒவ்வாமையும் பற்றியும் கேட்பார்கள். காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு முன்பு ஏதாவது ஸ்கேன் எடுத்தபோது உடம்பு தடித்தது, மூச்சு இழுத்தது என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் "அதில் அயோடின் இருக்கிறதே" என்று பயப்படுகிறார்கள். அந்த ஒவ்வாமை வருவது அவற்றில் உள்ள புரதத்தால், அயோடினால் அல்ல. சொல்லி வையுங்கள், ஆனால் அதற்காகச் சோதனையை விட்டுவிட வேண்டியதில்லை. தைராய்டு மாத்திரை, ஆஸ்துமா, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து, சர்க்கரைக்கோ பி.சி.ஓ.எஸ்.ஸுக்கோ சாப்பிடும் மெட்ஃபார்மின், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அன்றைய நாள்

மயக்க மருந்து இல்லாமல் செய்யும்போது பெரும்பாலும் வெறும் வயிறு தேவையில்லை. வலி மாத்திரை கொடுத்திருப்பார்கள் என்பதால் சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் நல்லது. இங்கே அதிகம் எழுதித் தருவது மெஃபனாமிக் அமிலம், பொன்ஸ்டான் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். சில இடங்களில் இபுபுரூஃபன் தருவார்கள். சோதனைக்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே போய்ப் படுக்கும்போது போட்டால் வேலை செய்ய நேரம் இருக்காது. தைப்பூச விரதம் பிடித்திருப்பவர்கள், ஒருவேளைச் சாப்பாடு என்று இருப்பவர்கள், வெறும் வயிற்றில் இந்த மாத்திரையைப் போட்டுக் கேஸ்ட்ரிக்கை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். கேஸ்ட்ரிக், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்களுக்கு வேறு மாத்திரை உண்டு, முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உடுப்பைப் பொறுத்தவரை தளர்வான பாவாடையோ கைலியோ சௌகரியம். எப்படியும் அங்கே கவுன் தருவார்கள். ஒரு பேட், மாற்று உள்ளாடை, ஐ.சி. (அடையாள அட்டை), பரிந்துரைக் கடிதம், பழைய ஸ்கேன் படங்கள், இவ்வளவும் பையில் இருக்கட்டும். உட்புறத்தைத் தனி வாஷ் ஊற்றிக் கழுவிவிட்டுப் போக வேண்டாம், சாதாரணமாகக் குளித்தாலே போதும்.

தாலியைக் கழற்ற வேண்டுமா என்பது பல பெண்கள் கேட்கத் தயங்கும் கேள்வி. எக்ஸ்ரே விழுவது இடுப்புப் பகுதியில். தாலி இருப்பது நெஞ்சில். கயிறோ சங்கிலியோ நீளமாக இருந்தால் தோள்பக்கமாக மேலே ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். இடுப்பில் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. வெள்ளி அரைஞாண், கயிற்றில் கோத்த தாயத்து, தொப்புள் வளையம், இவை படத்தில் நேராகக் குழாயின் மேல் விழுந்து மறைக்கும். இவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

கூட ஒருவர் வரட்டும். முடிந்த பிறகு தலை சுற்றலாம், தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு பாலத்தில் போக வேண்டாம். பிறையிலோ பாயான் லெப்பாசிலோ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் அன்றைக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்குங்கள். இரவு ஷிப்ட்டுக்குப் போய் நிற்க வேண்டிய நாள் இல்லை அது.

அறைக்குள்

போகுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். எக்ஸ்ரே மேசையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கால்களை அகட்டி வைக்கச் சொல்வார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று அப்பாயிண்ட்மெண்ட் போடும்போதே கேட்கலாம். கிடைக்காவிட்டாலும் ஒரு பெண் தாதி அருகில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பாப் ஸ்மியர் என்ற கருப்பை வாய்ப் பரிசோதனை எடுத்தவர்களுக்குத் தெரிந்த அதே கருவியை வைத்துக் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். கிருமிநாசினியால் துடைப்பார்கள், சில்லென்று இருக்கும். மெல்லிய டியூப்பை உள்ளே விட்டு, அது நழுவாமலிருக்க நுனியில் உள்ள சின்ன பலூனை ஊதுவார்கள். முதல் இழுப்பு வலி அப்போது வரும். அப்புறம் திரவம் போகும்போது, மாதவிடாயின் மோசமான நாளில் வருகிற மாதிரி அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும். பலருக்கு அது ஒன்றிரண்டு நிமிடத்தில் தணிந்துவிடும். குழாய் அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி வலி கூடுதலாகத் தெரியும். வலிக்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. "ஸ்டாப், டாக்டர்" என்று சொன்னால் நிறுத்துவார்கள், மெதுவாகச் செலுத்துவார்கள். வாயால் மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். மூச்சை அடக்கினால் இடுப்பு இறுகி வலி கூடும்.

திரை உங்கள் கண்ணில் படும்படி இருந்தால் பாருங்கள். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு சின்ன முக்கோணம் தலைகீழாக நிறையத் தொடங்கும், அதுதான் கருப்பையின் உட்புறம். மேலே இரண்டு மூலையிலிருந்தும் நூலிழை மாதிரி ஒரு கோடு கிளம்பி, வளைந்து நெளிந்து போய், நுனியில் கொஞ்சம் அகலமாகும். அங்கிருந்து திரவம் புகையாகக் கலைந்து பரவினால், அந்தப் பக்கம் வழி இருக்கிறது. என் தங்கைக்கு ஒரு பக்கம் சட்டென்று பரவியது. மறுபக்கம் கோடே கிளம்பவில்லை. "ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்றார் மருத்துவர் என்று அவள் வெளியே வந்ததும் சொன்னாள். திரும்பிப் படுத்து, சிறிது நேரம் கழித்து மறுபடி செலுத்தியபோது அந்தக் கோடும் வந்திருக்கிறது.

எல்லாம் சேர்த்து அறைக்குள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். படம் பிடிக்கும் நேரம் அதில் சில நிமிடங்கள்தான். கதிர்வீச்சின் அளவு சாதாரணமாக 1 முதல் 2 மில்லிசீவர்ட். உலகில் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே ஒரு வருடத்தில் கிடைக்கும் சராசரிக் கதிர்வீச்சு 2.4 மில்லிசீவர்ட். பின்னால் பிறக்கும் குழந்தையை இது பாதிக்குமோ என்ற பயம் வேண்டாம்.

முடிந்த பிறகு

எழுந்ததும் உட்புறத்திலிருந்து பிசுபிசுப்பாகத் திரவம் வெளியேறும். ஒரு நாள், இரண்டு நாள் லேசான இரத்தக் கறையும் அடிவயிற்று வலியும் இருக்கலாம். பேட் மட்டும் பயன்படுத்துங்கள். கொஞ்ச நேரம் படுத்திருந்து, மைலோவோ டீயோ குடித்துவிட்டுக் கிளம்பலாம். சிலருக்குத் தோள்பட்டையில் வலி தெரியும். வயிற்றுக்குள் சிந்திய திரவம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, தானாகப் போய்விடும்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, துர்நாற்றத்தோடு ஏதாவது வெளியேறினாலோ, பேட் நனையும் அளவுக்கு இரத்தம் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தொற்று வருவது 100 பேரில் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரைதான். வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது, அது குழாயையே கெடுத்துவிடும்.

உறவை எப்போது தொடரலாம் என்று மருத்துவர் சொல்வார். பல இடங்களில் ஒன்றிரண்டு நாளில் அனுமதிக்கிறார்கள். தொற்றோ வேறு தடையோ இல்லையென்றால் அந்த மாதமே குழந்தைக்கு முயலலாம்.

முடிவுத் தாளைப் படிப்பது

"இரு பக்கமும் ஸ்பில் உண்டு" என்று இருந்தால் இரண்டு குழாயும் திறந்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் என்றாலும் மனம் உடைய வேண்டாம், ஒரு குழாயோடு இயற்கையாகக் கருத்தரிக்கும் பெண்கள் ஏராளம்.

"கார்னுவல் பிளாக்" என்று எழுதியிருந்தால் கருப்பையை ஒட்டிய இடத்திலேயே திரவம் நின்றுவிட்டது என்று பொருள். இதை உடனே அடைப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குளிர்ந்த கை பட்டதும் வயிறு சுருங்குகிற மாதிரி, வலியிலும் பயத்திலும் அந்த இடத்துத் தசை இறுகி வழியை மூடிக்கொள்ளும். உண்மையில் திறந்திருக்கும் குழாயையும் அடைப்பு என்று காட்டுவது இந்தச் சோதனையின் அறிந்த குறைபாடு. அதனால் சந்தேகம் இருந்தால் மறுபடி ஒருமுறை எடுக்கவோ, லாப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாக, நீலச் சாயம் விட்டு நேரில் பார்க்கவோ சொல்வார்கள். நான் பார்த்த பெண்களில் ஒருவர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வாரக்கணக்கில் அழுதார். அவருக்கு அது இறுக்கம்தான் என்று பிறகு தெரிந்தது. தாள் கையில் கிடைத்ததும் நீங்களாகப் படித்து முடிவுக்கு வராமல், மருத்துவர் விளக்கும்வரை பொறுங்கள். அதை மாமியார் வீட்டு வாட்ஸ்அப்பில் போடுவதையும் அதுவரை தள்ளி வைக்கலாம்.

"ஹைட்ரோசால்பின்க்ஸ்" என்பது வேறு. குழாயின் நுனி மூடி, உள்ளே நீர் தேங்கி வீங்கியிருக்கிறது. இது உண்மையான பிரச்சினை. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து ஐ.வி.எஃப். வெற்றியைக்கூடக் குறைத்துவிடும் என்பதால், அந்தக் குழாயை முதலில் அகற்றவோ மூடவோ சொல்வார்கள். "ஃபில்லிங் டிஃபெக்ட்" என்றால் கருப்பைக்குள் ஏதோ ஒன்று திரவத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்கிறது. பாலிப்பாகவோ ஃபைப்ராய்டாகவோ இருக்கலாம், வெறும் காற்றுக் குமிழியாகவும் இருக்கலாம். அடுத்து ஹிஸ்டெராஸ்கோப்பி என்ற கேமரா சோதனையில் தெரிந்துவிடும்.

குழாய் திறந்திருப்பதைத்தான் இந்தப் படம் காட்டும். அது நன்றாக வேலை செய்கிறதா, கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா, முட்டையின் தரம் எப்படி என்பதெல்லாம் இதில் தெரியாது.

எக்ஸ்ரே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, உப்புநீரோ நுரையோ செலுத்தி அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஹைகோசி சோதனையும் இருக்கிறது. அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல மாற்று. தயாராகும் விதமும் தேதிக் கணக்கும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

கடைசியாகச் செலவு. தனியார் மருத்துவமனையில் விலை கேட்கும்போது எக்ஸ்ரே கட்டணம், மருத்துவர் கட்டணம், காண்ட்ராஸ்ட் மருந்து மூன்றும் சேர்ந்ததா என்று கேளுங்கள். எண்ணெய் வகை என்றால் மருந்தின் விலை தனியாக ஏறும். மெடிக்கல் கார்டு என்ற மருத்துவக் காப்பீடுகளில் பல, கருத்தரிப்பு தொடர்பான செலவுகளை ஏற்பதில்லை. அரசாங்க மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு, காத்திருப்பு அதிகம். அதற்குச் சுகாதாரக் கிளினிக்கிலிருந்து கடிதம் வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குத் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்.பி.பி.கே.என்.-னின் கருத்தரிப்பு கிளினிக்கும் ஒரு வழி. கருத்தரிப்பு சிகிச்சைச் செலவுக்கு வருமான வரியில் 2020-ஆம் ஆண்டு முதல் விலக்கு இருக்கிறது. அதனால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். படங்கள் உள்ள சிடியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு மருத்துவரிடம் போனால் அவர் தாளைவிடப் படத்தைத்தான் முதலில் கேட்பார்.